கொட்டுக்காரன் புத்திமதி

ஏண்டா பேராண்டி, சித்த இப்படி வந்து குந்து. காதுல மாட்டியிருக்கிற அந்த ரெண்டு கொட்டாங்கச்சியையும் கழட்டி வையி. மெட்ராஸ்ல மண்டபம் மண்டபமாப் போயி டிஜே போடுறேன்னு பேரு. ஊருக்கு வந்தும் ஒன் மூஞ்சியப் பாக்க முடியலை.

போன வாரம் திண்ணையில ஒக்காந்து ஒன் சேக்காளிகிட்ட என்ன சொல்லிச் சிரிச்ச? மடோனா மறுபடி டிஸ்கோ மாதிரி ஆட்டப்பாட்டு போடப்போகுதாம், இந்த வயசுல இந்தக் கெழவிக்கு இதெல்லாம் தேவையான்னு கேட்டேல்ல? நான் கண்ணை மூடிக் கெடந்தேன். தூங்குறேன்னு நெனச்சுட்ட. அம்பது வருசம் நையாண்டி மேளத்துல தவிலுக்கும் நாதசுரத்துக்கும் நடுவுல கெடந்த காதுடா இது. கண்ணு மூடுனாலும் அது மூடாது.

கெழவின்னு நீ சொன்னதுதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தம்மா 1958ஆம் வருசம் ஆகஸ்ட்டுல பொறந்ததுன்னு நீதான் சொன்ன. நான் அதுக்கு ஏழு வருசம் மூத்தவன். அது கெழவின்னா நான் யாரு? பாடையா?

அதான் இந்த நாலு நாளா ஒன்னைய நோண்டி நோண்டிக் கேட்டேன். அந்தம்மா எந்த ஊரு, எப்ப வந்துச்சு, யாருகிட்டத் தொழில் படிச்சுச்சு, எங்க விழுந்துச்சு, எப்படி எந்திரிச்சுச்சுன்னு. தாத்தாவுக்குப் பொழுது போகலைன்னு நெனச்சு நீயும் போனைத் தட்டித் தட்டி எல்லாத்தையும் கக்கிட்ட. இப்ப நீ குடுத்த கயித்தாலயே ஒன்னையக் கட்டப்போறேன். கேட்டுக்க.

மொதச் சங்கதி. அந்தம்மா மிச்சிகன்ல இருந்து 1978ல நியூயார்க்குக்கு வந்துச்சு. மடியில 35 டாலர் இருந்துச்சுன்னு அதுவே சொல்லிருக்கு. வந்தது பாட்டுப் பாட இல்ல, ஆட. மறுவருசம் பேட்ரிக் ஹெர்னான்டஸ்னு ஒரு டிஸ்கோ பாட்டுக்காரன் பின்னால ஆடுறதுக்குப் பாரிஸுக்குக் கூட்டிட்டுப் போனாக. அங்க கால் தரிக்காம திரும்பி வந்துச்சு. வந்து என்ன செஞ்சுச்சு? குயின்ஸ் பக்கத்துல யூதருக பழைய கோயிலு ஒண்ணை வீடா மாத்திக் குடியிருந்த பயலுகளோட சேந்து, டிரம்ஸ் அடிக்கப் படிச்சுச்சு. பிரேக்ஃபாஸ்ட் கிளப்னு அவுக கோஷ்டிக்குப் பேரு. அதுல அந்தம்மாவுக்கு மொத வேலை கொட்டு. பெறகுதான் பாட்டு.

இதை நீ போறபோக்குல சொன்ன. எனக்கு அங்கேயே கதை முடிஞ்சுபோச்சு. அது நம்ம கூட்டம்டா. கொட்டுக்காரி. அடி எங்க விழுகும், ஆள் எங்க எந்திரிப்பான்னு கைக்குத் தெரிஞ்ச பொம்பளை. அது டிஸ்கோவுக்குப் போகுதுன்னு நீ சொல்ற. பொறந்தவீட்டுக்கு வர்றவளைப் பாத்து விருந்தாளின்னா சொல்லுவாக?

ரெண்டாவது சங்கதி, அந்தத் தாளம். டிஸ்கோன்னா சட்டையில ஜிகினா ஒட்டிக்கிட்டு வெரலை வானத்துக்குக் காட்டுறதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீ போட்டுக் காமிச்சப்பத்தான் வெளங்குச்சு. நாலு எண்ணிக்கை, நாலுக்கும் பெரிய டிரம்முல ஒரு குத்து. நடுவுல சிஞ்சா மாதிரி ஒரு தட்டு. நிமிசத்துக்கு 120க்கு முன்னப்பின்ன. அம்புட்டுத்தான். நடக்கத் தெரிஞ்சவன் எவனும் ஆடலாம். இதுல என்ன வித்தை இருக்குன்னு கேப்ப. எனக்குத் தெரியும் அதுல உள்ள வித்தை. நாங்க கணக்கு வச்சுச் சிக்கலா வாசிச்சா முன்வரிசையில மூணு பேரு தலையாட்டுவாக. கரகக்காரி காலு மட்டும் கெளம்பாது. நேர்குத்தாக் குத்தி, அதை ஒரு மயிரிழையும் பிசகாம அரை மணி நேரம் நிறுத்திப் பாரு. தலையில செம்பு நிக்கும், ஊரு நிக்காது. நேர்குத்துல தப்பை ஒளிச்சு வைக்க எடமில்லடா. அதான் வித்தை.

மூணாவது சங்கதி. இந்தத் தாளத்தைக் கொன்னு பொதைச்சதாச் சொன்னாகளே, அந்தக் கதை. நியூயார்க்குல கறுப்பினத்து ஆளுக, லத்தீன்காரக, ஆணுக்கு ஆணா வாழ்ந்தவுகன்னு ஊரு ஒதுக்கி வச்ச சனம் ஒண்ணு கூடி ஆடுன எடத்துலதான் இது வளந்துச்சு. டேவிட் மன்குசோன்னு ஒருத்தன் 1970ல தன் வீட்டையே ஆட்டக்களமாக்கி, தெரிஞ்சவுகளை மட்டும் கூப்பிட்டு விடிய விடியப் பாட்டுப் போட்டானாம். பெறகு பணக்காரன் உள்ள வந்தான். 1977ல ஸ்டுடியோ 54னு ஒரு எடத்தைத் தொறந்து, வாசல்ல ஆளை நிப்பாட்டி, நீ உள்ள வா, நீ போன்னு தரம் பிரிச்சான். அந்த வருசக் கடைசி ராத்திரி நைல் ராட்ஜர்ஸ்னு ஒரு கிட்டார்க்காரனையும் அவன் கூட்டாளியையும் வாசல்லயே வெரட்டி விட்டாக. உள்ள அவுக பாட்டுத்தான் ஓடிக்கிட்டிருக்கும், பாட்டுக்காரனுக்கு உள்ள எடமில்ல. கோவத்துல வீட்டுக்குப் போயி ரெண்டு பேரும் ஒரு வசவைப் பாட்டாக்குனாக. அந்த வசவைக் கொஞ்சம் கழுவித் தொடைச்சு வெளிய விட்டாக. அதுதான் லெ ஃப்ரீக். விக்காத கடை இல்ல. கோயிலுக்கு வெளிய நின்னு கொட்டுனவன் பேரன் நீயி, இந்த ருசி ஒனக்குப் புரியணும்.

அப்புறம் 1979 ஜூலை 12. சிகாகோவுல பேஸ்பால் மைதானம். டிஸ்கோ தட்டு ஒண்ணு கொண்டாந்தா 98 சென்ட்டுக்கு உள்ள விடுறோம்னாக. அம்பதாயிரம் பேருக்குப் பக்கத்துல கூடிட்டாக. ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல அந்தத் தட்டுகளை மைதானத்துல வச்சு வெடிச்சானுக. கூட்டம் உள்ள எறங்கி தரையைப் பேத்து எடுத்துருச்சு. ரெண்டாவது ஆட்டம் நடக்கலை. சொந்த ஊரு அணி ஆடாமலே தோத்ததாத் தீர்ப்பு. பாட்டைக் கொளுத்துனவன் ஆட்டத்தைத் தோத்தான், பாத்துக்க.

செத்துச்சா அது? அதே சிகாகோவுல வேர்ஹவுஸ்னு ஒரு ஆட்டக்களத்துல ஃப்ராங்கி நக்கிள்ஸ்னு ஒரு டிஜே அதையே மிஷினுத் தாளத்தோட சேத்து ஓட்டி ஓட்டி ஹவுஸ்னு புதுப்பேரு வாங்கிக் குடுத்தான். அங்கிட்டு நியூயார்க்குல டான்ஸடேரியான்னு ஒரு கிளப்பு. மடோனா தன் பாட்டு கேசட்டைக் கொண்டுபோயி அங்க இருந்த மார்க் காமின்ஸ்ங்கற டிஜே கையில குடுத்துச்சு. அவன் போட்டுப் பாத்தான், சனம் ஆடுச்சு. 1982 அக்டோபர்ல மொதத் தட்டு வந்துச்சு. ரெண்டு வருசம் கழிச்சு பெரிய தட்டு போடணும்னப்ப அந்தம்மா யாரைத் தேடிப் போச்சு? வாசல்ல வெரட்டப்பட்டானே, அதே நைல் ராட்ஜர்ஸை. டிஸ்கோ செத்துப்போச்சுன்னு ஊரு கையைக் கழுவுன அஞ்சாவது வருசம். பட்டுப்போன மரம்னு ஊரே சொன்னாலும் வேரைத் தோண்டிப் பாத்தவளுக்குத் தெரியும்ல, உள்ள ஈரம் இருக்குன்னு.

இப்ப ஒரு சறுக்கலுக்கு வருவோம். நாப்பது தாண்டுனா எல்லாருக்கும் ஒரு வியாதி வரும், புத்திமதி சொல்ற வியாதி. எனக்கு எப்ப வந்துச்சுன்னு ஒங்க அப்பத்தாவைக் கேளு. அந்தம்மாவுக்கு 2003ல வந்துச்சு. அமெரிக்கன் லைஃப்னு ஒரு தட்டு. காசும் புகழும் பொய்யின்னு கோட்டைக்குள்ள இருந்துக்கிட்டு ஊருக்குச் சொல்லுச்சு. ஈராக் சண்டை நேரம். அதுக்குன்னு எடுத்த படத்தையும் அதுவே திருப்பி வாங்கிக்கிருச்சு. தட்டு முன்ன மாதிரி விக்கலை. சரியோ தப்போ, ஆட வந்த சனத்தை உக்கார வச்சுப் பாடம் எடுத்தா அது கொட்டாவிதான் விடும். கேக்குற ஒனக்குக் கொட்டாவி வந்தாச் சொல்லு, நானும் நிறுத்திக்கிறேன்.

மேல கேளு. 2005 ஆகஸ்ட்டு, தன்னோட 47ஆவது பொறந்தநாளு அன்னைக்கு, இங்கிலாந்துப் பண்ணைவீட்டுல குதிரை மேல இருந்து விழுந்துருச்சு. காறை எலும்பு போச்சு, விலாவுல மூணு கீறல், கையும் ஒடைஞ்சுச்சு. நானும் போன ஆடியில கம்மாக்கரையில வழுக்கி விழுந்தேனே, ஞாபகம் இருக்குல்ல? அன்னைக்கு ஒங்காத்தா என் தவிலைத் தூக்கிப் பரண்ல வச்சு, மேல ரெண்டு பழம்பாயையும் போட்டு மூடுனவதான். அது கெடக்கட்டும். நாம அந்தம்மா கதையப் பேசுவோம்.

விழுந்து மூணு மாசத்துல, நவம்பர்ல, கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்னு தட்டு வந்துச்சு. பன்னெண்டு பாட்டு. ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு தொடங்குற எடத்துல மூச்சு விடக்கூட இடைவெளி கெடையாது. விடிய விடிய ஓடுற கிளப்பு ஆட்டம் மாதிரியே கோத்திருந்துச்சு. கூட இருந்து செஞ்சவன் ஸ்டூவர்ட் பிரைஸ். லண்டன்ல அவன் வீட்டுலயே வச்சிருந்த சின்ன ஸ்டுடியோவுல ஒக்காந்து செஞ்சாக. அவன் செஞ்ச காரியம் ஒண்ணு இருக்கு, நீ படிக்க வேண்டிய பாடம். பகல்ல செஞ்ச மெட்டைப் பாட்டில்லாம வெறும் தாளமா எடுத்துக்கிட்டு ராத்திரி கிளப்புக்குப் போவானாம். சனத்துக்குச் சொல்லாமப் போட்டு விடுவானாம். எந்த எடத்துல கூட்டம் துள்ளுது, எந்த எடத்துல தண்ணி குடிக்கப் போகுதுன்னு படம் பிடிச்சுக்கிட்டு வந்து மறுநாள் அந்தம்மாவுக்குச் சொல்லுவானாம். உலகம் பூரா பேரு வாங்குன பொம்பளை, முகந்தெரியாத நூறு பேரு கால் சொல்ற தீர்ப்பைக் கேட்டுத் தன் பாட்டைத் திருத்துச்சு. நீ இருக்கியே, போன கல்யாணத்துல மண்டபமே காலியாகி பந்திக்குப் போனப்பெறகும் கண்ணை மூடிக்கிட்டு ஆட்டிக்கிட்டிருந்தியாம்ல?

அதுல மொதப் பாட்டு ஹங் அப். கடிகாரம் டிக் டிக்குங்கற சத்தத்துல தொடங்குது. வயசைப் பத்திப் பேசுற ஒன்னைய மாதிரி ஆளுக வாயைத் தொறக்குறதுக்கு முன்ன அதுவே கடிகாரத்தைத் தூக்கி முன்னால வச்சிருச்சு. அதுல வர்ற புல்லாங்குழல் மாதிரி இழையுற மெட்டு இருக்கே, அது சுவீடன் நாட்டு அபா கோஷ்டியோடது. எந்த வருசத்துப் பாட்டு? 1979. சிகாகோவுல தட்டை வெடிச்சானுகளே, அதே வருசம். 26 வருசம் கழிச்சு அதை எடுத்து ஊதுனா, கனல் இருக்கு.

ஆனா அந்தம்மா அதைச் சுட்டுக்கிட்டு ஓடலை. அபாக்காரக லேசுல யாருக்கும் மெட்டைத் தர்றதில்ல. அதுக்கு முன்ன ஃபியூஜீஸ்னு ஒரு கோஷ்டிக்குத்தான் குடுத்திருந்தாக. மடோனா என்ன செஞ்சுச்சு? ஸ்டாக்ஹோமுக்கு ஒரு ஆளை அனுப்பி, ஒங்க பாட்டு மேல எம்புட்டு மருவாதி வச்சிருக்கேன்னு லெட்டர் எழுதிக் குடுத்து விட்டுச்சு. பெறகு பாட்டுல அவுக பேரையும் போட்டு, பங்கும் குடுத்துச்சு. டேய், நீ ஒரு ராத்திரிக்கு நாப்பது பேரு பாட்டை வெட்டி ஒட்டுற. எவனுக்காவது ஒரு தபால் கார்டு போட்டிருக்கியா? அடுத்தவன் கொல்லையில முருங்கைக்கீரை ஒடிக்கக்கூட ஆத்தான்னு ஒரு சத்தம் குடுத்துட்டு ஒடிக்கிற ஊரு நம்ம ஊரு.

பாட்டு 41 நாட்டுல மொத எடத்துக்கு வந்துச்சாம். அமெரிக்காவுல மட்டும் ஏழாவது எடம். சொந்த ஊருக்காரன் கை தட்டுறதுக்கு எப்பவும் கொஞ்சம் நேரமாகும், எனக்கும் அனுபவம் இருக்கு. மறுவருசம் ஊர் ஊராக் கெளம்பி 60 கச்சேரி. வசூல் 19 கோடி டாலருக்கு மேல. மேடைக்கு எப்படி வந்துச்சு? பெரிய கண்ணாடி உருண்டை மேல இருந்து எறங்கும், அது பிரிஞ்சு உள்ள இருந்து வரும். அதோட நின்னுச்சா? தன்னைய குதிரை தள்ளிவிட்டப்ப எடுத்த எக்ஸ்ரே படத்தையே பின்னால திரையில ஓடவிட்டு, முன்னால ஆடுச்சு. ஒடைஞ்ச எலும்பையே வெளம்பரமாக்குனவடா அவ. ஒங்காத்தாகிட்ட என் எக்ஸ்ரேயைக் கேட்டா, அரிசிப் பானைக்கு மூடியா வச்சிருக்கேன்னு சொல்லுது.

இவ ஒருத்திதான் இப்படியான்னா அதுவும் இல்ல. ஷெர்னு ஒரு அம்மா 1998ல, 52 வயசுல, பிலீவ்னு ஆட்டப்பாட்டு பாடி மறுவருசம் அமெரிக்காவுல மொத எடம் பிடிச்சுச்சு. கைலி மினோக் 2020ல, ஊரே கதவடைச்சுக் கெடந்த நேரத்துல, வீட்டுக்குள்ளயே ஒலிப்பதிவு படிச்சுக்கிட்டு டிஸ்கோன்னே ஒரு தட்டு போட்டுச்சு. பிள்ளை பெத்தாலும் முடி நரைச்சாலும் இந்தத் தாளம் இவுகளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. ஏன்னா இது வயசைக் கேக்குற தாளம் இல்ல. காலைத்தான் கேக்கும்.

இப்ப நான் ஒன்னைய ஒண்ணு கேக்குறேன். மிக் ஜாகர்னு ஒருத்தரு, அந்தம்மாவை விட 15 வருசம் மூத்தவரு. மேடையில துள்ளுறாரு. நீ வாயைப் பொளந்து பாக்குற. ஆகா, என்ன தெம்புன்னு சொல்ற. நம்ம ஊரு சினிமாவுல பல்லு கட்டுன மாப்பிள்ளை, பேத்தி வயசுப் புள்ளை இடுப்பைப் பிடிச்சு ஆடுறாரு. அதுக்கு நீ பால் குடத்தோட போற. அந்தம்மா தன் காலுல தான் ஆடுனா மட்டும் ஒனக்கு வயசுக் கணக்கு ஞாபகம் வருது. ஒன் எண்சுவடியில பொம்பளை பக்கத்துக்கு மட்டும் கூட்டல், ஆம்பளை பக்கத்துக்குக் கழித்தலா?

சரி, ஒன்னையத் திட்டிட்டேன். இனி அந்தம்மாவுக்கு ரெண்டு வார்த்தை. 2025 செப்டம்பர்ல, தான் தொழில் தொடங்குன வார்னர் கம்பெனிக்கே திரும்பிட்டதாகவும், அதே ஸ்டூவர்ட் பிரைஸோட சேந்து ஆட்டப்பாட்டுத் தட்டு போடுறதாகவும் சொல்லிருக்குல்ல? ஒனக்குத்தான் உலகம் பூராச் சேதி அனுப்பத் தெரியுமே, இதையும் அனுப்பி விடு.

தாயி, நல்லாரு. ரெண்டாந்தடவை ஒரே வீட்டுக்கு மருமகளாப் போறது மொதத் தடவை மாதிரி இருக்காது. அப்ப நீ விழுந்து எந்திரிச்ச வெறியில வந்த. இப்ப எல்லாரும் எதிர்பாத்துக்கிட்டு வாசல்ல நிக்கிறாக. ஹங் அப் படத்துல போட்ட பழைய ரோஸ் கலரு ஆட்ட உடுப்பைத் தேடி எடுத்துப் போடாத, உடுப்பும் சொணங்கியிருக்கும், ஊரும் சொணங்கியிருக்கும். தாளத்தை மட்டும் எடுத்துக்க. 2020ல முட்டியும் இடுப்பும் மக்கர் பண்ணிக் கச்சேரிகளை நிறுத்துனியே, அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க. 2023ல கிருமி தொத்தி தீவிர சிகிச்சை வரைக்கும் போயி, நாலு மாசத்துல லண்டன் மேடையில நின்ன. மறுவருசம் ரியோ கடற்கரையில சனத்துக்கிட்ட டிக்கெட்டுக் காசு வாங்காம ஆடி, பதினாறு லட்சம் பேரைக் கூட்டுனதாச் சொல்றாக. ஒனக்குத் தெம்பு சொல்லித் தர நான் யாரு? ஒண்ணு மட்டும். எட்டரைக்குன்னு டிக்கெட்டு அடிச்சுட்டு பத்தரைக்கு மேல மேடையேறுனன்னு புரூக்ளின்ல ரெண்டு பேரு கோர்ட்டுக்கே போயிட்டாக. அது மட்டும் வேண்டாம் தாயி. எங்க நாதசுரக்காரகளே இப்ப நேரத்துக்கு வந்துர்றாக. பாட்டுக்கு நடுவுல பிரசங்கமும் வேண்டாம். அதுக்கு வேற ஆளு இருக்கு, திண்ணை திண்ணையா.

அம்புட்டுத்தாண்டா. திரும்பி வர்றதுன்னா எளமைக்குத் திரும்புறதில்ல. அது ஆராலயும் ஆகாது. எந்தக் களத்துல கால் பழகுச்சோ அந்தக் களத்துக்கு இருக்கிற காலோட போயி நிக்கிறது. அங்க அடி சரியா விழுந்தாச் சனம் ஆடும், தப்புனா பந்திக்குப் போயிரும். தீர்ப்பு சொல்ல வேண்டியது அவுக. நீயும் நானும் திண்ணையில ஒக்காந்து பொறந்த தேதியப் பாத்துச் சொல்றது தீர்ப்பு இல்ல, வம்பு.

என்னடா சிரிக்கிற? தாத்தா எதுக்கு இம்புட்டு நேரம் வெளிநாட்டுக்காரிக்கு வக்காலத்து வாங்குறாருன்னு இப்பத்தான் ஒனக்குப் பிடிபடுதா?

பங்குனிப் பொங்கலுக்கு நம்ம காளியம்மன் கோயில்ல கரகாட்டம் பேசியிருக்காக. மேளத்துல ரெண்டாந்தவிலுக்கு ஆள் இல்லையாம். பலாக்கட்டைத் தவிலு, மழைக்காலம் பூரா பரண்ல கெடந்திருக்கு. வலந்தலைத் தோலு தளந்திருக்கும், வாரை இழுத்துக் கட்டணும், வெரலுக்குக் கூடு புதுசாச் செய்யணும். அம்புட்டும் ஒரே நாள்ல நடக்காது.

ஏணி மாட்டுக் கொட்டகையில சாஞ்சிருக்கு. ஒங்காத்தா மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருக்கு, வர ஒரு மணி நேரமாகும். எந்திரிடா.